எந்தப் பழமொழியை யாரிடம் சொல்கிறோம்

தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளை யாராவது உட்கார்ந்து எழுதிப் பார்த்தால், முதலில் கண்ணில் படுவது அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்வதுதான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று நிதானம் சொல்லும் அதே வாய் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று விரட்டும். கூட்டாளிகளோடு சண்டை போட்டுவிட்டு வரும் பையனுக்குத் ‘தனிமரம் தோப்பாகாது’; வீட்டுப்பாடத்துக்கு அடுத்தவன் நோட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் ‘தன் கையே தனக்குதவி’. உண்டியலில் சில்லறை போடும்போது ‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்பார்கள். அதே உண்டியலை உடைத்து எண்ணிப் பார்த்தபின் ‘யானைப் பசிக்குச் சோளப்பொரி’ என்று சிரிப்பார்கள். ஊர் ஓடினால் ஒத்து ஓடச் சொல்லும் மொழியில்தான் ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்ற ஆறுதலும் இருக்கிறது. இவற்றை வைத்துப் பிள்ளை வளர்க்க முடியாது, பழமொழி எதை வேண்டுமானாலும் நியாயப்படுத்தும், எவர் பக்கமும் சாட்சி சொல்லும் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் முரண்பாட்டைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். அதிலிருந்து எடுத்த முடிவுதான் கோணல். ஒரு குடும்பம் எதைப் பெரிதாக நினைக்கிறது என்பது அந்த வீட்டில் புழங்கும் பழமொழிகளிலிருந்து தெரியாது. இரண்டு பழமொழிகள் கைவசம் இருக்கும்போது எதை எடுக்கிறார்கள், யாரிடம் எடுக்கிறார்கள் என்பதிலிருந்து தெரியும். பிள்ளை கவனித்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. தொல்காப்பியத்தின் செய்யுளியல் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது, அது நுட்பமாக, சுருக்கமாக, தெளிவாக, எளிதாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. கருதிய ஒரு பொருளை நிலைநாட்ட, அதற்குக் காரணமாக வந்து நிற்பதே முதுமொழி என்கிறது. அதாவது முதலில் ஒரு பேச்சு இருக்க வேண்டும், ஒரு வழக்கு இருக்க வேண்டும். அதை முடித்துவைக்கப் பழமொழி வரும். வழக்கே இல்லாமல் தானாக வந்து நிற்கும் பழமொழியை அந்த இலக்கணம் கணக்கில் எடுத்துக்கொள்வதாகத் தெரியவில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறும் இந்தக் கட்டமைப்பில்தான் இருக்கிறது. முன்றுறை அரையனார் தம் காலத்துப் பழமொழிகளைத் தொகுத்து அப்படியே அடுக்கிவைத்திருக்கலாம். அவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெண்பா எழுதினார். முதலில் நிலைமையைச் சொல்லி, பழமொழியைப் பெரும்பாலும் கடைசியில் கொண்டுவந்து வைத்தார். சில இடங்களில் சொல்லப்பட்ட நிலைமைக்கும் பழமொழிக்கும் உள்ள உறவு இன்றைய வாசகருக்கு எட்டுவதில்லை. எட்டாதபோதுதான், நிலைமை கைநழுவினால் பழமொழி எவ்வளவு ஊமையாகிவிடுகிறது என்பதும் புரிகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரிமார்கள் பழமொழிகளைத் திரட்டத் தொடங்கியபோது இந்த உறவு அறுந்தது. பீட்டர் பெர்சிவல் 1874இல் சென்னையில் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கின்றன. 1897இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்மன் ஜென்சன் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்து இன்னொரு தொகுப்பைக் கொண்டுவந்தார். அவர்களுடைய உழைப்பு இல்லாமல் எத்தனையோ சொற்கள் காற்றோடு போயிருக்கும். அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் இந்தத் தொகுப்புகளைப் புரட்டுகிறவருக்கு ஒரு பழமொழியை மாமியார் மருமகளிடம் சொன்னாளா, மருமகள் அடுப்படியில் முணுமுணுத்தாளா என்று தெரியாது. இரண்டும் ஒன்றல்ல. இதே சிக்கலை ஆப்பிரிக்கப் பழமொழிகளில் கண்டு எழுதியவர்கள் ஓஜோ அரேவா, ஆலன் டன்டஸ் என்ற இரு ஆய்வாளர்கள். நைஜீரியாவின் யொரூபா மக்கள் பிள்ளை வளர்ப்பில் பயன்படுத்தும் பழமொழிகளைப் பற்றி 1964இல் அவர்கள் எழுதிய கட்டுரையில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு நைஜீரிய மாணவர் வருகிறார். தன் மொழிப் பழமொழிகள் அவருக்குத் தெரியும். எந்த இடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பது தெரியாது. மேற்கத்தியப் பாணிப் படிப்பு அவரை அன்றாடப் புழக்கத்திலிருந்து பிரித்துவிட்டது. பழமொழியைத் தெரிந்துகொள்வது மட்டும் போதாது, யார் யாரிடம் எப்போது என்ன தொனியில் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். இன்று நம் நகரத்துப் பிள்ளைகள் பலர் இருப்பது அந்த மாணவரின் நிலையில்தான். பாடப்புத்தகத்தின் பின்பக்கப் பயிற்சியில் பத்துப் பழமொழிகளை விளக்கிவிடுவார்கள்; ஒன்றையும் வாயில் எடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு ஜோடியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ‘தர்மம் தலை காக்கும்’. ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்’. இரண்டும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. இரண்டிலும் உண்மையும் உண்டு. வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார், கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வருகிறார்கள், வேலைக்கு வரும் அம்மாள் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்கிறாள், பெரியப்பா பையன் தொழில் தொடங்கப் பணம் கேட்கிறான். இந்த நான்கு தருணங்களில் எதற்கு எந்தப் பழமொழி வருகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்கிறது. திருவிழா வரிக்குத் தர்மம் தலைகாத்து, வேலைக்கார அம்மாளுக்குத் தனக்கு மிஞ்ச வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளை கற்றது ஈகையுமல்ல, சிக்கனமுமல்ல. ஊர் பார்க்கும் இடத்தில் கொடுக்க வேண்டும், பார்க்காத இடத்தில் கணக்குப் பார்க்கலாம் என்பதைக் கற்றிருக்கிறது. இதை எந்தப் பெற்றோரும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுப்பதில்லை. அப்படி ஒரு பழமொழியும் நமக்கில்லை. தேர்வு மூலமாகவே முழுப் பாடமும் கைமாறிவிடுகிறது.

சொல்லைவிடத் தேர்வும் நடத்தையுமே பிள்ளைக்குள் இறங்குகின்றன என்பதற்கு உளவியலாளர்களின் சோதனைகளும் உண்டு. 1970இல் ஜேம்ஸ் பிரையன், நான்சி வால்பெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடத்தியது அவற்றில் ஒன்று. ஒரு விளையாட்டில் பரிசு வெல்லலாம். வென்றதில் ஒரு பங்கை இல்லாதவர்களுக்குக் கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் ஒருவர் விளையாடிக் காட்டுவார். சிலர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கொடுக்கவில்லை. சிலர் சுயநலம் பேசிவிட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தீர்மானித்தது முன்னால் நின்றவரின் பேச்சல்ல, செயல். சோதனைச்சாலையில் சில நிமிடம் நடந்ததை வைத்து இருபது வருடப் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெரிதாகத் தீர்ப்பு எழுதக்கூடாதுதான். ஆனாலும் சில நிமிடத்திலேயே பிள்ளைகள் சொல்லையும் செயலையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களாக இருக்கிறார்கள் என்றால், வீட்டில் வருடக்கணக்காக அவர்கள் எவ்வளவு பார்த்திருப்பார்கள்!

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழுகிறது. அதைத் தட்டிக்கழித்துவிட்டுப் போக முடியாது. சமயத்துக்குத் தக்கபடி சொல்வதுதான் அறிவு என்று ஒப்புக்கொண்டால், எல்லோருக்கும் பொதுவான நெறி என்று எதுவும் மிஞ்சுமா? ஏ. கே. ராமானுஜன் 1989இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில், இந்தியச் சிந்தனை பொதுவிதியைவிடச் சூழலையே அதிகம் பார்க்கிறது என்று வாதிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று மனுதர்மம். குற்றம் ஒன்றே ஆனாலும் வர்ணத்துக்கு ஏற்பத் தண்டனையை மாற்றும் நூல். சூழலைப் பார்க்கும் அறிவு எங்கே போய் முடியக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. நம் வீட்டுப் பழமொழிகளும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பாது. மகன் கடைக்காரனிடம் துணிந்து பேசிச் சில்லறையை வாங்கிவந்தால் ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’. மகள் அதையே செய்தால் ‘தவளை தன் வாயால் கெடும்’. மகன் வெளியூர் வேலைக்குப் போவதா என்று தயங்கும்போது துணிந்தவனுக்குத் துக்கமில்லை. மகள் கேட்கும்போது ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. நான்கும் நல்ல பழமொழிகள், எதிலும் தவறில்லை. அவற்றைப் பங்குபோட்ட விதத்தில்தான் அநியாயம் உட்கார்ந்திருக்கிறது. அதனாலேயே அது கண்ணுக்குப் படாமல் பல தலைமுறை நடந்துவிட்டது.

எனவே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல் சமயம் பார்த்து மாறலாம். ஆள் பார்த்து மாறக்கூடாது. கடை, சில்லறை, கடைக்காரன் எல்லாம் அப்படியே இருக்க, நின்றது பையனா பெண்ணா என்பதற்காகப் பழமொழி மாறினால் அது சூழலறிவு ஆகாது, பாரபட்சம்தான். மூத்தவன் எதையாவது உடைத்தால் ‘கண்பட்டுப் போச்சு’, இளையவன் உடைத்தால் ‘இதுக்குத்தான் சொன்னேன்’ என்பதும் அதே ரகம். சூழலைப் பார்ப்பது வேறு, பிறப்பைப் பார்ப்பது வேறு. பிறப்பையும் சூழல் என்ற பெயரில் உள்ளே விட்டதுதான் மனுதர்மத்தின் வேலை. மற்றபடி, ஒரு பிள்ளை தேர்வுக்கு முந்தைய இரவில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும், விளையாடித் திரிந்துகொண்டிருக்கும்போது அதற்கு நேர்மாறான ஒன்றும் சொல்லும் தகப்பன் இரட்டை நாக்குக்காரன் ஆகிவிட மாட்டான். இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த இரண்டையும் அந்தந்த நிலைமையில் சொல்கிறானா என்பதுதான் கேள்வி.

சில பழமொழிகளை எந்தச் சமயத்திலும் எவரிடமும் சொல்ல முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். பழைய தொகுப்புகளைத் திறந்தால் சாதிகளை இழித்தும் பெண்களை ஏசியும் வந்த சொற்கள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன. ‘அடியாத மாடு படியாது’ என்பது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்பதில் வரும் அடி இறைவனின் திருவடி என்று வாட்ஸப்பில் ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முன்னோர் ஒருபோதும் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்ற பிடிவாதம் இப்படியெல்லாம் வேலை வாங்குகிறது. முன்னோர் அடித்தார்கள், அடிப்பது நல்லது என்றும் நம்பினார்கள். அதை ஒப்புக்கொண்டு விட்டுவிடுவது நேர்மை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்துவிட்டது. அந்தப் பிரிவு பள்ளியோடு நின்றுவிடுகிறது. வீட்டில் பழமொழிதான் இன்னும் சட்டம். அடிக்குப் பதில் என்ன என்று கேட்பவர்களுக்கு, மார்டின் ஹாஃப்மன், ஹெர்பர்ட் சால்ட்ஸ்டைன் 1967இல் செய்த ஆய்வைச் சொல்லலாம். நீ செய்ததால் இன்னொருவருக்கு என்ன வலி என்று எடுத்துச் சொல்லி வளர்த்த பிள்ளைகளிடம் மனச்சாட்சி வலுவாகவும், அதிகாரத்தால் அடக்கி வளர்த்தவர்களிடம் பலவீனமாகவும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தில் தெளிவாகத் தெரிந்த இந்தத் தொடர்பு வசதி குறைந்த குடும்பங்களில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பழையதை விட்டுப் புதியதை எடுத்துக்கொள்வது மரபுக்குத் துரோகம் என்று நினைப்பவர்கள் பாரதியைப் பார்க்கலாம். ஔவையின் ஆத்திசூடி சினத்தைத் தணிக்கச் சொல்கிறது. பாரதியின் புதிய ஆத்திசூடி சினத்தைப் பழகிக்கொள்ளச் சொல்கிறது. பெண்ணின் பேச்சைக் கேட்டு நடக்காதே என்று முன்னது சொன்ன இடத்தில், பெண்ணை உயர்த்து என்று பின்னது சொல்கிறது. அகரவரிசை, ஓரிரு சொல்லில் ஒரு கட்டளை என்ற அந்தப் பழைய வடிவத்தை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். உள்ளே இருந்ததை மாற்றினார். அடிமைப்பட்ட நாட்டுப் பிள்ளைக்கு அடக்கத்தைவிட ஆத்திரம் தேவை என்பது அவருடைய கணிப்பு. சமயம் பார்த்துச் சொல்லை மாற்றுவது என்றால் இதுதான்.

மனப்பாடம் முதலில், பொருள் பிறகு என்பது இன்னொரு கட்சி. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அப்படித்தான் நடந்தது. பொருள் விளங்காத வயதில் மனத்தில் போட்டுவைத்தது நாற்பது வயதில் கைகொடுத்தது என்பார்கள். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். கைவசம் சரக்கு இல்லாதவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? ஆனால் அன்று மனப்பாடம் செய்த பிள்ளை வீடு திரும்பியதும் அந்தச் சொற்கள் களத்திலும் கடையிலும் பந்தியிலும் புழங்குவதைக் கேட்டது. பாட்டி, அத்தை, சித்தப்பா என்று ஒரே வீட்டில் ஐந்தாறு பேர் ஒரே நிகழ்ச்சிக்கு ஐந்தாறு விதமாகச் சொன்னார்கள். அத்தை கண்டித்ததற்குப் பாட்டி ஒரு எதிர்ச்சொல் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றினாள். ஒரே விஷயத்துக்கு இரண்டு நியாயம் உண்டு என்பதைப் பிள்ளை அங்கேதான் பார்த்தது. அப்பா, அம்மா, ஒரு பிள்ளை மட்டும் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் அந்த எதிர்ச்சொல்லைச் சொல்ல ஆளில்லை. ஒப்புவித்தல் போட்டியில் கோப்பை வாங்கும் பிள்ளைக்குச் சரக்கு இருக்கிறது. அது கைமாறும் சந்தையைக் காட்டத்தான் யாருமில்லை.

அந்தக் குறையை ஒன்று ஓரளவு ஈடுசெய்யும். பெற்றோர் பலருக்கு அது கசக்கும். பிள்ளை அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். ‘நீங்கதானேப்பா சொன்னீங்க’ என்று பிள்ளை ஆரம்பித்தாலே ‘எதிர்த்துப் பேசாதே’ என்று முடித்துவிடுவது நம் வழக்கம். மரியாதை கெட்டுவிடும், வீட்டில் பெரியவர் சின்னவர் இல்லாமல் போய்விடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஏழு வயதுப் பிள்ளை சாலையைக் கடக்கும்போது விவாதம் நடத்த முடியாது என்பது உண்மை, அங்கே கட்டளைதான். ஆனால் போக்குவரத்துக் காவலருக்கு ஐம்பது ரூபாய் நீட்டிவிட்டு வந்த தகப்பனிடம், நேர்மையைப் பற்றி அவரே சொன்ன வார்த்தையைப் பிள்ளை நினைவூட்டினால், அது எதிர்ப்பேச்சா? அந்தச் சொல்லைப் பிள்ளை மெய்யாகவே நம்பிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு மட்டுமே சொல்லக்கூடியது அதிகாரம். இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லக்கூடியதைத்தான் குடும்பத்தின் நெறி என்று சொல்ல முடியும். ‘நீ சொல்றதும் சரிதான்’ என்று ஒருமுறை ஒப்புக்கொண்ட தகப்பனின் அடுத்த அறிவுரைக்குக் கூடுதல் எடை கிடைக்கிறது.

பழமொழி என்ற வடிவத்துக்கு வெளியே, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று செய்துகொண்ட சொற்களும் உண்டு. யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு நிலத்தை இழந்த தாத்தா ஒருவர் பரம்பரையில் இருந்தால், அவர் பெயரைச் சொன்னாலே போதும், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு முழு அறிவுரை கிடைத்துவிடும். படிப்பை நிறுத்திவிட்டு வருந்திய அத்தை, ஒருநாளும் கடன் வாங்காத பெரியம்மா என்று உறவினர் பெயர்களே வாக்கியங்களாக நிற்கும். பொதுப் பழமொழியைவிட இவற்றுக்கு வலு அதிகம், ஏனென்றால் நிலைமையும் சொல்லும் இதில் பிரிவதில்லை. இவற்றிலும் தேர்வு வேலை செய்கிறது: தாத்தா நிலத்தை இழந்தார் என்பதை மட்டும் சொல்கிறோமா, அவர் கையெழுத்துப் போட்ட நண்பரின் குடும்பம் அதனால் தெருவுக்கு வராமல் தப்பியது என்பதையும் சொல்கிறோமா?

பெரியவரிடமிருந்து பிள்ளைக்கு என்றிருந்த அறிவுரையின் ஓட்டம் இப்போது சில விஷயங்களில் திசைமாறியும் இருக்கிறது. கைப்பேசியில் வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்கைத் தொடாதே, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றால் உடனே நம்பிவிடாதே என்பவை இன்றைய வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரைகள். இவற்றைப் பிள்ளைகள்தான் பெற்றோருக்குச் சொல்கிறார்கள். பொறுமையாகச் சொல்லும் பிள்ளைகளும் உண்டு, ‘எத்தனை தடவை சொல்றது’ என்று எரிந்துவிழும் பிள்ளைகளும் உண்டு. எந்தத் தொனியில் சொல்வது என்பதை அவர்கள் எங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்று பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை.